முள் எங்கே நிற்கும்?

மாலை ஆறு மணிக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஓரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? பேருந்தும் லாரியும் காரும் ஒன்றையொன்று உரசாத குறையாக ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த நெரிசலில் ஒரு கார் நிற்கிறது. கியர் போட்டபடியே இருக்கிறது, என்ஜின் ஓடுகிறது, ஓட்டுநரின் கால் பிரேக்கின் மேல் இருக்கிறது. கிளட்ச்சை மிதித்திருக்கிறாரா என்று பார்த்தால், அந்தக் காரில் கிளட்ச் மிதியே கிடையாது!

கிளட்ச் உள்ள காரில் கியரைப் போட்டுவிட்டு, கிளட்ச்சை மிதிக்காமல் பிரேக்கை மட்டும் அழுத்தினால் என்ன ஆகும்? வண்டி ஒரு குலுங்கு குலுங்கும், என்ஜின் அணைந்துவிடும். சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் இடையே இரும்புத் தொடர்பு இருப்பதால் ஒன்று நின்றால் மற்றதும் நிற்கத்தான் வேண்டும். ஆனால் நாம் பார்த்த காரில் சக்கரம் நின்றது, என்ஜின் நிற்கவில்லை. அப்படியானால் இடையில் எங்கோ இரும்புத் தொடர்பு அறுந்திருக்கிறது. அந்த இடத்தில் இருப்பது வெறும் எண்ணெய்! எண்ணெய் நிரம்பிய அந்த உருண்டைப் பெட்டிக்கு டார்க் கன்வெர்ட்டர் என்று பெயர். நம் பாடநூல் மொழியில் திருப்புவிசை மாற்றி எனலாம். (இரண்டே மிதிகள் உள்ள எல்லாக் கார்களிலும் இது இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். சிலவற்றில் சாதாரணக் கிளட்ச்சே இருக்கும். அதைக் காலுக்குப் பதில் ஒரு சிறு கருவி இயக்கும்.)

பூந்தமல்லியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியிலும் இதே கருவிதான் இருக்கிறது. ஒரு டன் எடையுள்ள காருக்கும் ஏறத்தாழ அறுபது டன் எடையுள்ள டாங்கிக்கும் பொதுவான இந்தக் கருவியைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறேன்.

பிரேக்கை முழுவதும் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். சக்கரம் அசையக்கூடாது. இப்போது ஆக்சிலரேட்டரையும் தரையைத் தொடும் அளவுக்கு மிதியுங்கள். என்ஜினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் முள் மேலே ஏறும். ஆனால் ஏறிக்கொண்டே போகாது. ஓர் இடத்தில் போய் நின்றுவிடும். அந்த எண்ணுக்கு ஸ்டால் வேகம் என்று பெயர். தடைநிலை வேகம் என்று நாம் சொல்லிக்கொள்வோம். இங்கே தடைப்பட்டு நிற்பது என்ஜின் அல்ல, சக்கரத்தின் பக்கம் என்பதை நினைவில் வையுங்கள். (இது மனத்தில் மட்டும் செய்ய வேண்டிய சோதனை. வீட்டுக் காரில் முயலாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.)

அந்த முள் எந்த எண்ணில் நிற்கும் என்பதை முடிவு செய்வது யார்? பணிமனைகளில் கேட்டால், "அது கன்வெர்ட்டரைப் பொறுத்தது, இது 2,400 ஸ்டால், அது 2,800 ஸ்டால்" என்று பல்பின் மேல் வாட் அச்சடித்திருப்பதைப் போலச் சொல்வார்கள். பாதி உண்மைதான். கன்வெர்ட்டரைத் தொடாமல் என்ஜினை மட்டும் மாற்றியமைத்தாலும் முள் இடம் மாறும். சில சமயம், நாம் எதிர்பார்ப்பதற்கு நேர் எதிர்த் திசையிலும் மாறும்!

இரண்டு விசிறிகளும் ஒரு மூன்றாம் சக்கரமும்

இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். அது வீசும் காற்று பட்டு, மின்சாரம் இல்லாத விசிறியும் மெல்லச் சுழலத் தொடங்கும். இரண்டாவது விசிறியைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் முதல் விசிறி நிற்பதில்லை. காற்றுக்குப் பதில் எண்ணெயும், விசிறிகளுக்குப் பதில் உட்புறம் அலகுகள் பதித்த இரண்டு கிண்ணங்களும் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். என்ஜினோடு இணைந்த கிண்ணம் பம்ப் சக்கரம். கியர்ப் பெட்டியோடு இணைந்தது டர்பைன் சக்கரம்.

இதை முதலில் சிந்தித்தவர் கார் செய்தவர் அல்லர். ஜெர்மானியரான ஹெர்மன் ஃபெட்டிங்கர் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றியவர். நீராவி டர்பைன் மிக வேகமாகச் சுழலும். கப்பலின் உந்தியோ மெதுவாகச் சுழன்றால்தான் நீரைச் சரியாகத் தள்ளும். இரண்டையும் இணைக்கப் பல்சக்கரங்களுக்குப் பதிலாகத் திரவத்தைப் பயன்படுத்தலாம் என்று 1905ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். கார்களுக்கு இது பெரும் அளவில் வந்தது 1948இல், அமெரிக்காவின் பியூக் கார்களில்.

ஃபெட்டிங்கரின் கருவியை வெறும் இரட்டை விசிறியிலிருந்து வேறுபடுத்துவது ஒரு மூன்றாம் சக்கரம். டர்பைனைத் தள்ளிவிட்டுத் திரும்பும் எண்ணெய், பம்ப் சுழலும் திசைக்கு எதிர்த் திசையில் வந்து பம்பையே முட்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளி திரும்பிப் போகும்போது கதவை நம் மேலேயே தள்ளுவது போல! நடுவில் ஓர் அலகுச் சக்கரத்தை வைத்து அந்த எண்ணெயைத் திருப்பி, பம்ப் சுழலும் திசையிலேயே அனுப்பினால் என்ன? அதற்காக உள்ளதுதான் ஸ்டேட்டர் என்னும் நிலைச் சக்கரம். எண்ணெயைத் திருப்பும்போது அது தன் இருப்பிடத்தின் மேல் சாய்ந்து நின்று கூடுதல் திருப்புவிசையைப் பெற்றுத் தருகிறது. அதனால் தடைநிலையில் என்ஜின் 150 நியூட்டன்-மீட்டர் கொடுத்தால், டர்பைனின் தண்டில் 300 நியூட்டன்-மீட்டர் அளவுக்குக் கிடைக்கும். திருப்புவிசை இப்படி உயர்வதால்தான் மாற்றி என்ற பெயர்.

வண்டி வேகம் பிடித்ததும் நிலைச் சக்கரத்துக்கு வேலை இல்லை. குறுக்கே நின்றால் இடையூறுதான். ஆகவே அதை ஒரு திசையில் மட்டும் தாராளமாகச் சுழலவிடுகிறார்கள். உங்கள் சைக்கிளின் பின்சக்கரத்தில் உள்ள ஃப்ரீவீல் எப்படி ஒரு திசையில் பிடித்து மறு திசையில் வழுக்குகிறதோ, அதே தத்துவம். 1949ஆம் ஆண்டிலேயே சைக்கிள் நிறுவனம் தொடங்கப்பட்ட அம்பத்தூர்ப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை!

ஏன் வர்க்கம்?

இப்போது சக்கரத்தை நிறுத்திவிட்டு, பம்பைச் சுழற்ற என்ஜின் எவ்வளவு திருப்புவிசை கொடுக்க வேண்டும் என்று பார்ப்போம்.

பம்பின் சுழற்சி வேகம் இரு மடங்கானதாகக் கொள்ளுங்கள். ஒரு வினாடியில் அது வீசும் எண்ணெயின் அளவு இரு மடங்காகும். ஒவ்வொரு கிலோ எண்ணெயும் வெளியேறும் வேகமும் இரு மடங்காகும். நியூட்டனின் இரண்டாம் விதிப்படி விசை என்பது ஒரு வினாடியில் ஏற்படும் உந்த மாற்றம். எண்ணெயின் அளவில் இரண்டு, வேகத்தில் இரண்டு, பெருக்கினால் நான்கு. வேகம் மும்மடங்கானால் ஒன்பது. ஆக, தடைநிலையில் பம்ப் கேட்கும் திருப்புவிசை, சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது.

விட்டத்தின் கணக்கு இன்னும் வியப்பானது. எண்ணெய் பாயும் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாயும் வேகம் விட்டத்தைப் பொறுத்தது. உந்தத்தில் வேகம் இன்னொரு முறை வருகிறது. திருப்புவிசை ஆதலால் மையத்திலிருந்து உள்ள தொலைவாலும் பெருக்க வேண்டும். இரண்டும் ஒன்றும் ஒன்றும் ஒன்றும் சேர்ந்து ஐந்து: விட்டத்தின் ஐந்தாம் அடுக்கு! கன்வெர்ட்டரின் விட்டத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் அது கேட்கும் திருப்புவிசை 59 சதவீதமாகச் சரிந்துவிடும்.

ஒரு வரைபடத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடை அச்சில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று. செங்குத்து அச்சில் நியூட்டன்-மீட்டர். நாமாக ஒரு கன்வெர்ட்டரைக் கற்பனை செய்வோம். 1,000 சுற்றில் அது 25 நியூட்டன்-மீட்டர் கேட்கிறது. அப்படியானால் 1,500இல் 56, 2,000இல் 100, 2,500இல் 156, 3,000இல் 225. புள்ளிகளை இணைத்தால் கிண்ணத்தின் வலப் பாதி போல ஒரு வளைகோடு கிடைக்கும். இது கன்வெர்ட்டரின் கோடு.

அடுத்து ஒரு கற்பனைப் பெட்ரோல் என்ஜின். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்த நிலையில் அது 1,000 சுற்றில் 120 நியூட்டன்-மீட்டர் தருகிறது, 1,500இல் 140, 2,000 முதல் 3,000 வரை ஒரே சீராக 150. இதையும் அதே தாளில் வரையுங்கள். இரண்டு கோடுகளும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். அந்த இடத்துக்கு இடப்புறம், என்ஜின் கொடுப்பது கன்வெர்ட்டர் கேட்பதைவிட அதிகம். ஆகவே முள் ஏறும். வலப்புறம், கேட்பது அதிகம், முள் இறங்கும். வெட்டும் இடத்தில் வரவும் செலவும் சமம். முள் அங்கே நின்றுவிடும். 150ஐ 25ஆல் வகுத்தால் 6. அதன் வர்க்கமூலம் 2.449, ஆக 2,449 சுற்று. இதுதான் தடைநிலை வேகம். அது கன்வெர்ட்டருக்குச் சொந்தமானதும் அல்ல, என்ஜினுக்குச் சொந்தமானதும் அல்ல. இரண்டு கோடுகள் சந்திக்கும் புள்ளி அது.

இதே தாளில் 800 சுற்றையும் பாருங்கள். அங்கே கன்வெர்ட்டர் கேட்பது 16 நியூட்டன்-மீட்டர் மட்டுமே. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இருக்கும்போதும் என்ஜினால் அதைக் கொடுத்துச் சமாளிக்க முடியும். பூந்தமல்லி நெரிசலில் நின்ற கார் அணையாததன் காரணம் இதுதான்.

என்ஜினை மாற்றுவோம்

இனி அந்த என்ஜினுக்குச் சில வேலைகள் செய்வோம். முதலில், அழுத்த விகிதத்தைக் கூட்டி, காற்றுப் பாதைகளைச் சீர்படுத்தி, எல்லா வேகத்திலும் திருப்புவிசை 20 சதவீதம் கூடிவிட்டதாகக் கொள்வோம். 150 இப்போது 180. முள் எங்கே நிற்கும்? 20 சதவீதம் மேலே, அதாவது 2,940இல் நிற்கும் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். 180ஐ 25ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: 2,683. உயர்வு ஒன்பதரை சதவீதமே. கன்வெர்ட்டரின் கோடு செங்குத்தாக ஏறுவதால், என்ஜின் கோட்டை எவ்வளவு தூக்கினாலும் வெட்டும் புள்ளி வலப்புறம் கொஞ்சம்தான் நகரும்.

இரண்டாவது வேலை பந்தயப் பிரியர்களுக்குப் பிடித்தது. வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேம் ஷாஃப்ட்டைப் பொருத்துகிறார்கள். அதிக வேகத்தில் என்ஜின் தாராளமாக மூச்சு விடும். முன்பு 6,000 சுற்றில் 120 நியூட்டன்-மீட்டர் தந்தது. இப்போது 6,500 சுற்றில் 135 தருகிறது. குதிரைத் திறன் கணக்கில் 101ஆக இருந்தது 123 ஆகிவிட்டது. உரிமையாளருக்கு மகிழ்ச்சி. ஆனால் குறைந்த வேகத்தில் அதே வால்வுகள் உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியைத் திரும்ப வெளியே விட்டுவிடும். அதனால் 2,000 முதல் 3,000 வரை 150 தந்த என்ஜின் 125தான் தருகிறது. கணக்கிடுங்கள்: 125ஐ 25ஆல் வகுத்தால் 5, வர்க்கமூலம் 2.236. முள் 2,236இலேயே நின்றுவிட்டது!

என்ஜினின் திறன் இருபது சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருக்கிறது. தடைநிலை வேகமோ 213 சுற்று குறைந்திருக்கிறது. புறப்படும்போது கார் முன்னைவிட மந்தமாக இருக்கும். கன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்று உரிமையாளர் சண்டைக்கு வருவார். கன்வெர்ட்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. விளம்பரத்தில் வரும் குதிரைத் திறன் 6,500 சுற்றில் இருப்பது. முள் நிற்கும் இடத்தில் என்ஜின் என்ன தருகிறது என்பது வேறு சங்கதி. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் எளிதில் நம்புவதில்லை. வரைபடத்தை வரைந்த பிறகுதான் நம்புகிறார்கள்.

மூன்றாவது, டர்போசார்ஜர். வெளியேறும் புகையால் ஒரு சிறு டர்பைனைச் சுழற்றி, அதன் மூலம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிப்பது. பெரிய டர்போசார்ஜராக இருந்து, 2,800 சுற்றுக்கு மேல்தான் அது விழித்துக்கொள்ளும் என்றால், நம் காரின் முள் பழைய 2,449இலேயே நிற்கும். அதற்கு மேல் ஏறாததால் டர்போசார்ஜர் விழிப்பதில்லை. அது விழிக்காததால் முள் ஏறுவதில்லை! சற்றுச் சிறியதாக இருந்து 2,300 சுற்றிலேயே விழிக்கும் என்றால், முள் 2,449க்கு அருகே போய்ச் சற்றுத் தயங்கும். புகையின் வேகம் கூடக் கூட டர்போசார்ஜர் சூடு பிடிக்கும். பிறகு முள் மெல்ல மேலே நகரும். பெயரளவில் இரண்டுமே டர்போ என்ஜின்தான்!

ஆவடியில் இதே கணக்கு

இந்தக் கணக்கை ஓர் உண்மையான என்ஜினில் போட்டுப் பார்க்கலாம். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டது; அங்கிருந்து 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. நம் நாட்டிலேயே வடிவமைக்கும் டாங்கிக்கு 1974இல் அனுமதி கிடைத்தது. ஆவடியிலுள்ள போர் வாகன ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் அந்தப் பணியை ஏற்றது. அதுதான் பின்னாளில் அர்ஜுன் ஆயிற்று. உள்நாட்டு என்ஜின் தயாராகும் வரைக்கும் என்று சொல்லி, ஜெர்மனியின் எம்.டி.யு. நிறுவனத்தின் எம்.பி. 838 என்ற பத்து சிலிண்டர் டீசல் என்ஜினை அதில் வைத்தார்கள்.

இந்த என்ஜினின் வரலாறு நம் கட்டுரைக்காகவே எழுதப்பட்டது போல இருக்கிறது. இதன் முந்தைய வடிவம் ஜெர்மனியின் லெப்பர்டு-1 டாங்கியில் இருந்தது. கொள்ளளவு 37.4 லிட்டர், திறன் 830 குதிரைத் திறன். அதே பத்து சிலிண்டர் என்ஜினை டர்போசார்ஜர் கொண்டு வலுவூட்டி, அர்ஜுனுக்காக 1,400 குதிரைத் திறன் வரை உயர்த்தினார்கள். உருவம் ஏறத்தாழ அதேதான், திறன் 1.69 மடங்கு. லெப்பர்டு-1இன் கியர்ப் பெட்டியிலும் டார்க் கன்வெர்ட்டர் இருந்தது.

பழைய கன்வெர்ட்டரையே வைத்துக்கொண்டு என்ஜினை மட்டும் இப்படி மாற்றினால் என்ன ஆகும்? தடைநிலையில் திருப்புவிசையும் 1.69 மடங்கு ஆகிவிட்டதாகக் கொள்வோம். 1.69இன் வர்க்கமூலம் 1.3. முள் முப்பது சதவீதம் மேலே போய் நிற்கும். திறன் என்பது திருப்புவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே எண்ணெயில் கொட்டப்படும் வெப்பம் 1.69 பெருக்கல் 1.3, அதாவது 2.2 மடங்கு. முள்ளைப் பழைய இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்றால் கன்வெர்ட்டரைப் பெரிதாக்க வேண்டும். எவ்வளவு? ஐந்தாம் அடுக்கு இங்கே கைகொடுக்கிறது: 1.69இன் ஐந்தாம் மூலம் 1.11. விட்டத்தைப் பதினொரு சதவீதம் கூட்டினால் போதும்!

ஆனால் டர்போசார்ஜரைப் பற்றி முன்பு பார்த்ததை மறக்கக் கூடாது. 1,400 குதிரைத் திறன் என்பது என்ஜின் முழு வேகத்தில் சுழலும்போது கிடைப்பது. குறைந்த வேகத்தில் டர்போசார்ஜர் அரைத் தூக்கத்தில் இருக்கும். காற்று குறைவாக வரும்போது டீசலையும் குறைத்தே தர வேண்டும்; இல்லாவிட்டால் கரும்புகைதான் மிச்சம். ஆகவே தடைநிலை வேகத்தில் திருப்புவிசை 1.69 மடங்கு ஆகியிருக்காது. முள்ளும் முப்பது சதவீதம் ஏறாது. என்ஜினும் கன்வெர்ட்டரும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று பார்ப்பவர்கள், உச்சத் திறனை ஒரு பக்கம் வைத்துவிட்டு, என்ஜினின் முழுக் கோட்டையும் கேட்பது இதனால்தான். அர்ஜுனில் இருப்பது ரெங்க் என்னும் ஜெர்மன் நிறுவனத்தின் கியர்ப் பெட்டி. முன்னோக்கி நான்கு கியர், பின்னோக்கி இரண்டு. முகப்பில் டார்க் கன்வெர்ட்டர். வேகம் பிடித்ததும் ஒரு பூட்டுக் கிளட்ச் பம்பையும் டர்பைனையும் ஒன்றாகப் பிணைத்துவிடும். அதன் பிறகு எண்ணெய் வழுக்கலும் இல்லை, வெப்பமும் இல்லை.

ஆவடியில் உருவாகும் எல்லா டாங்கிகளிலும் கன்வெர்ட்டர் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ரஷ்ய வடிவமைப்பான டி-72இல் அது கிடையாது. கிளட்ச்சுகளும் கோள் பல்சக்கரங்களும்தான். அதன் 780 குதிரைத் திறன் என்ஜினுக்குப் பதிலாக 1,000 குதிரைத் திறன் என்ஜின்களைப் பொருத்த, 2025 மார்ச்சில் ரஷ்யாவுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. தொழில்நுட்பம் ஆவடிக்கு வருகிறது. அங்கே தடைநிலை வேகம் என்ற பேச்சே எழாது. கூடுதல் திருப்புவிசையைத் தாங்கும் பொறுப்பு கிளட்ச் தகடுகளுக்கும் பற்களுக்கும் உரியது.

அர்ஜுனுக்கு இடைக்காலமாக வந்த ஜெர்மன் என்ஜினின் இடத்துக்கு ஓர் உள்நாட்டு என்ஜின் வெகுநாள் கழித்து உருவெடுத்தது. 1,500 குதிரைத் திறன் கொண்ட அந்த என்ஜின் 2024 மார்ச் 20ஆம் நாள் மைசூருவில் உள்ள பி.இ.எம்.எல். வளாகத்தில் முதன்முறையாக இயக்கிப் பார்க்கப்பட்டது. 1,400க்குப் பதில் 1,500. எல்லா வேகத்திலும் திருப்புவிசை அதே விகிதத்தில் கூடுவதாக வைத்துக்கொண்டால், முள் மூன்றரை சதவீதம் மேலே நிற்கும். தடைநிலை வெப்பம் பதினொரு சதவீதம் கூடும். ராஜஸ்தான் பாலைவனத்தில் நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் ஓட வேண்டிய வண்டிக்கு அந்தப் பதினொரு சதவீதம் சின்னக் கணக்கு அல்ல.

எண்ணெய் கொதிக்கும் கணக்கு

வெப்பம் என்று சொல்லிக்கொண்டே போகிறேன். அது எங்கிருந்து வருகிறது? தடைநிலையில் டர்பைன் சுழலவில்லை. விசை இருக்கிறது, இடப்பெயர்ச்சி இல்லை. ஆகவே சக்கரத்துக்குப் போகும் வேலை சுழி. சுவரைத் தள்ளிக்கொண்டு நிற்பவனைப் போலத்தான். ஆனால் என்ஜின் தன் முழுத் திறனையும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஆற்றல் முழுவதும் எண்ணெயைக் கலக்கிச் சூடாக்குவதில் முடிகிறது.

நம் கற்பனைக் காரையே எடுத்துக்கொள்வோம். 150 நியூட்டன்-மீட்டர், 2,449 சுற்று. பெருக்கிப் பார்த்தால் 38 கிலோவாட்டுக்கு மேல். இது இரண்டு கிலோவாட் வெந்நீர் கொதிகலன்கள் பத்தொன்பதை ஒரே சமயத்தில் போடுவதற்குச் சமம். கன்வெர்ட்டருக்குள் ஐந்து கிலோ எண்ணெய் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கிலோ எண்ணெயை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ இரண்டு கிலோஜூல் போதும். தண்ணீருக்கு ஆவதில் பாதிதான். வகுத்துப் பார்த்தால் வினாடிக்கு ஏறத்தாழ நான்கு டிகிரி! ஏற்கெனவே எண்பது டிகிரியில் இருக்கும் எண்ணெய் பத்தே வினாடியில் 120 டிகிரியை எட்டிவிடும். அரை நிமிடம் பிடித்தால் எண்ணெய் கருகும். ரப்பர் வளையங்கள் இறுகி வெடிக்கும். திருப்புவிசையை 20 சதவீதம் கூட்டிய காரில் இது வினாடிக்கு ஐந்து டிகிரி.

ஆகவேதான் பணிமனையில் இந்தச் சோதனையைச் செய்யும்போது ஐந்து வினாடிக்கு மேல் பிடிப்பதில்லை. முன் சக்கரம், பின் சக்கரம் எல்லாவற்றுக்கும் கட்டை கொடுத்து, வண்டிக்கு முன்னால் ஆள் நிற்காமல் பார்த்துக்கொண்டு, எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு காலை எடுத்துவிடுவார்கள். பிரேக் சற்றே வழுக்கினாலும் கார் பாய்ந்துவிடும். வீட்டில் முயல வேண்டாம் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான்.

அந்த ஐந்து வினாடியில் கிடைக்கும் எண், டாக்டருக்கு நாடி போல. கையேட்டில் உள்ளதைவிட எண் அதிகமாக இருந்தால், கியர்ப் பெட்டிக்குள் ஏதோ வழுக்குகிறது: தேய்ந்த கிளட்ச் தகடாக இருக்கலாம், எண்ணெய்க் குறைவாக இருக்கலாம். சற்றுக் குறைவாக இருந்தால் என்ஜின் வலுவிழந்திருக்கிறது. காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும் இப்படி ஆகும். மிகவும் குறைந்து, மூன்றில் இரண்டு பங்குக்கு வந்துவிட்டால் நிலைச் சக்கரத்தின் ஃப்ரீவீல் மேல் சந்தேகப்பட வேண்டும். அது பிடிக்காமல் வழுக்கினால், திரும்பி வரும் எண்ணெய் மறுபடி பம்பையே முட்டத் தொடங்கிவிடும் அல்லவா?

கையேட்டில் உள்ள எண் கடல் மட்டத்துக்கு அருகே அளந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நம் கற்பனைக் காரை, டர்போசார்ஜர் எதுவும் இல்லாமல், அம்பத்தூரிலிருந்து லடாக்கின் லே நகருக்கு ஓட்டிச் செல்லுங்கள். ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் எழுபது சதவீதம்தான். என்ஜினின் திருப்புவிசையும் எழுபது சதவீதத்துக்கு இறங்குவதாகக் கொண்டு, முள் எங்கே நிற்கும் என்று அதே வரைபடத் தாளில் பாருங்கள். 105ஐ 25ஆல் வகுத்தால் 4.2, வர்க்கமூலம் 2.049. அம்பத்தூரில் 2,449 காட்டிய முள் லேயில் 2,049ஐத் தாண்டாது. கையேட்டோடு ஒப்பிட்டு 400 சுற்று குறைகிறதே என்று அங்கே ஒருவர் கியர்ப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே பழுது என்று எதுவுமே இருக்காது.